உடன் வந்தவரின் சொல்லும் நோயாளியின் உடலும்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவில் "என்ன நடந்தது?" என்று மருத்துவர் கேட்கும்போது விடை சொல்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர், மருத்துவமனை வழக்கில் 'அட்டெண்டர்' என்று அழைக்கப்படும் உடன் வந்தவரே. நோயாளி மயங்கியிருக்கலாம், வலியில் துடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பெரியவர்கள் அருகில் இருக்கையில் தாம் வாய் திறப்பது முறையன்று என்று பழகியவராக இருக்கலாம். நோயாளியைத் தூக்கி வருவது, சீட்டு வாங்குவது, இரத்தம் ஏற்பாடு செய்வது, இரவெல்லாம் வராந்தாவில் படுத்துக் காத்திருப்பது எல்லாம் குடும்பத்தின் பொறுப்பாகவே இருக்கும் ஒரு சமூகத்தில் இவ்வழக்கம் உருவானது இயல்பு. அதனால் பிழைத்த உயிர்களும் பல. ஆயினும் வீட்டுக்குள் நிகழும் வன்கொடுமை, உடல் சார்ந்தும் அறிவுத்திறன் சார்ந்தும் அமையும் மாற்றுத்திறன் நிலைகள், நீண்டகால நோய்கள் ஆகிய மூன்றும் அவசர சிகிச்சையில் ஏன் அடிக்கடி கண்ணுக்குத் தப்புகின்றன என்று காரணம் தேடிப் போனால், அந்தத் தேடல் பெரும்பாலும் உடன் வந்தவரின் சொல்லில்தான் போய் நிற்கிறது. வன்கொடுமையில் அவர் மறைக்கக்கூடும். மாற்றுத்திறனாளியின் விஷயத்தில் நோயாளிக்குப் பதிலாக அவரே பேசிவிடுகிறார். நீண்டகால நோயைப் பொறுத்தவரை அவருக்கே பாதிதான் தெரியும்.

அவசர சிகிச்சையின் முதல் சில நிமிடங்களில் இவற்றுக்கெல்லாம் இடமில்லை என்பது உண்மைதான். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 108 ஆம்புலன்ஸ் சேவையின் மருத்துவ உதவியாளராயினும், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளை அவசரத்தின் அளவுக்கேற்பப் பிரிக்கும் செவிலியராயினும், மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, சுவாசம் போதுமா, இரத்த ஓட்டம் சீராக உள்ளதா, நினைவு எவ்வளவு, ஆடைக்கடியில் மறைந்த காயம் உண்டா என்ற வரிசையில் பார்ப்பதே முறை. அதற்கடுத்த கட்டத்தில்தான் நோயாளியின் கதை கேட்கப்படுகிறது: தொந்தரவு என்ன, எந்த மருந்து ஒவ்வாது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முன்பு என்ன நோய் இருந்தது, கடைசியாக எப்போது உண்டார், நடந்தது என்ன. இந்த ஆறு கேள்விகளும் உலகெங்கும் கற்பிக்கப்படுபவை. அவை யாரை நோக்கிக் கேட்கப்பட வேண்டும், யார் முன்னிலையில் கேட்கப்படக் கூடாது என்பதைப் பற்றிப் பாடநூல்கள் பேசுவது குறைவு.

உடல் ஒன்றையும் வாய் வேறொன்றையும் சொல்லும்போது மருத்துவம் எவ்வளவு காலம் வாயின் பக்கமே நின்றது என்பதற்குக் குழந்தை வன்கொடுமையின் வரலாறே சான்று. பாரிஸ் நகரின் தடயவியல் மருத்துவர் அம்புருவாஸ் தார்தியூ 1860-இல், பெற்றோராலும் வளர்ப்பவராலும் அடித்துத் துன்புறுத்தப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1946-இல் அமெரிக்க எக்ஸ்ரே மருத்துவர் ஜான் காஃபி, மூளையைச் சுற்றியுள்ள உறைக்கடியில் இரத்தம் கட்டிய 6 கைக்குழந்தைகளின் கை கால் எலும்புகளில் 23 முறிவுகள் இருப்பதைக் கண்டு எழுதினார். அப்போதும் எவரையும் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டும் அளவுக்கு அவர் போகவில்லை. 1962-இல் கொலராடோவைச் சேர்ந்த ஹென்றி கெம்பியும் அவருடைய சகாக்களும், அடிக்கப்பட்ட குழந்தையிடம் காணப்படும் அறிகுறிகளின் தொகுதிக்கு ஒரு பெயரிட்டு, 71 மருத்துவமனைகளிலிருந்து திரட்டிய 302 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்ட பிறகுதான் சட்டங்கள் அசைந்தன. இடைப்பட்ட நூறாண்டுகளில் குழந்தைகளின் எலும்புகள் முறியாமல் இருக்கவில்லை. பெற்றோர் இப்படிச் செய்வார்களா என்ற மருத்துவரின் தயக்கமே அம்முறிவுகளுக்கு வேறு விளக்கங்களைத் தேடித் தந்தது; கெம்பியின் கட்டுரையும் அத்தயக்கத்தை வெளிப்படையாகவே பேசியது. இந்தத் தயக்கம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. "பெற்ற தாய் செய்வாளா" என்ற கேள்வி தமிழ்நாட்டு மருத்துவமனை வார்டுகளிலும் இன்றுவரை ஒரு விடையாகவே பயன்பட்டுவருகிறது.

குழந்தையின் உடலில் எதைப் பார்க்க வேண்டும் என்பது இன்று ஓரளவு தெளிவாகவே தெரியும். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் தாடையிலும் அடிபடுவது வழக்கம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால் அதற்குத் தனி விளக்கம் தேவை. இன்னும் புரளக்கூடத் தெரியாத, நான்கு மாதம் நிறையாத சிசுவின் உடலில் எந்த இடத்தில் கன்றியிருந்தாலும் அது எச்சரிக்கையே. வெந்நீர் தற்செயலாகக் கொட்டினால் தெறித்த திட்டுகளும் ஒழுங்கற்ற ஓரங்களும் இருக்கும். கை அல்லது கால் வெந்நீரில் அழுத்திப் பிடிக்கப்பட்டிருந்தால் கையுறை அணிந்ததுபோல் ஒரே மட்டத்தில் கோடு விழும். கட்டிலிலிருந்து உருண்டு விழுந்ததாகச் சொல்லப்படும் மூன்று மாதக் குழந்தையின் தொடை எலும்பு முறிந்திருந்தால், அந்தக் குழந்தையால் உருள முடியுமா என்று கேட்பதற்கு எக்ஸ்ரே கூடத் தேவையில்லை.

ஆனால் அடையாளங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீதிபதியாகிவிடுவது வேறொரு ஆபத்து. இந்தியக் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பின் பின்புறத்திலும் பிட்டத்திலும் நீலச்சாம்பல் நிறத் திட்டுகள் இருக்கும். அவை கன்றிய காயமல்ல, சில ஆண்டுகளில் தாமே மறைபவை. தமிழ்நாட்டின் சில ஊர்களில் வலிப்புக்கும் மஞ்சள்காமாலைக்கும் குழந்தையின் வயிற்றில் சூடு போடும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அது குழந்தைக்குக் கேடுதான், தடுக்கப்பட வேண்டியதுதான், எனினும் அதைச் செய்த பாட்டியின் நோக்கம் சிகரெட்டால் சுட்டவனின் நோக்கத்தோடு ஒன்றாக எண்ணப்படக் கூடியதன்று. இரத்தம் உறையாத ஹீமோபிலியா, எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவிக் குறைபாடு ஆகியவையும் வன்கொடுமைபோல் தோற்றம் தருபவை. கன்றிய இடத்தின் நிறத்தை வைத்து இத்தனை நாள் பழைய காயம் என்று உறுதியாகச் சொல்லும் பழைய வழக்கமும் நம்பத்தக்கதன்று என்பது பின்னர் தெளிவாகியிருக்கிறது. ஆகவே அவசர சிகிச்சையாளரின் வேலை தீர்ப்புச் சொல்வதன்று. சொல்லப்பட்ட கதையும் காணப்பட்ட காயமும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்தாதபோது அதைப் பதிந்து, உரியவரிடம் தெரிவிப்பதோடு அது முடிகிறது.

பெண்களின் விஷயத்தில் கதை இன்னும் பழகிப்போனது. "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்ற வாக்கியத்தைக் கேட்காத அவசர சிகிச்சைப் பிரிவு இருக்க முடியாது. அதில் பெரும்பங்கு உண்மையாகவும் இருக்கும். வழுக்கி விழுபவர் கையை ஊன்றுவதால் மணிக்கட்டு முறிவது வழக்கம். முகத்தைக் காக்கக் கையை உயர்த்தியவருக்கு முன்கையில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிகிறது. மண்ணெண்ணெய் ஸ்டவ் வீடுதோறும் இருந்த காலத்தில் 'ஸ்டவ் வெடித்தது' என்ற சொல் தீக்காய வார்டுகளில் ஒரு வாய்பாடாகவே இருந்தது. சமைக்கும்போது சேலையில் பற்றும் தீ பொதுவாகக் கீழிருந்து மேலேறும். தலையிலிருந்து ஊற்றப்பட்ட எண்ணெயின் தீ வேறு பாதையில் செல்லும். திருமணமாகி ஏழாண்டுக்குள் நேரும் ஒரு பெண்ணின் ஐயத்துக்குரிய இறப்பில் ஆர்.டி.ஓ. விசாரணை நடைபெறுவதும், 1986-இல் வரதட்சணை மரணம் தனிக் குற்றமாக்கப்பட்டதும், இவ்வாய்பாட்டை நம்பி எழுதப்பட்ட பதிவுகள் மலிந்திருந்த காலத்தின் பின்விளைவுகளே.

கழுத்தை நெரித்தல் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. நெரிக்கப்பட்டவர்களில் பலருக்குக் கழுத்தில் வெளிப்படையான தடம் எதுவும் இருப்பதில்லை. குரல் கம்மியிருத்தல், எச்சில் விழுங்கச் சிரமம், கண்ணின் வெண்படலத்திலும் இமையிலும் ஊசிமுனை அளவு இரத்தப்புள்ளிகள், நிகழ்வின்போது தம்மையறியாமல் சிறுநீர் பிரிந்திருத்தல் ஆகியவை கேட்டால்தான், தேடினால்தான் தெரியும். கழுத்தின் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாட்கள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். "சும்மா தொண்டை வலி" என்று வந்து மாத்திரையுடன் அனுப்பப்படும் பெண்ணுக்கு அந்த ஆபத்து இருந்ததை யாரும் அறியாமலே போகக்கூடும்.

இத்தகைய நிலையில் கணவரோ மாமியாரோ பக்கத்தில் நிற்கும்போது "அடித்தார்களா?" என்று கேட்பது கேட்காமலிருப்பதைவிடத் தீங்கானது, ஏனெனில் அந்தப் பெண் அதே வீட்டுக்குத்தான் திரும்பப் போகிறாள். எக்ஸ்ரே அறைக்கு உடன் வந்தவருக்கு அனுமதியில்லை என்பது தமிழ்நாட்டில் எவரும் மறுத்துப் பேசாத விதி. அந்தச் சில நிமிடத் தனிமையை நல்ல செவிலியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். கேட்கப்படும் கேள்வியும் "வீட்டில் யாராவது உங்களைப் பயமுறுத்துகிறார்களா? வீட்டுக்குத் திரும்பிப் போகப் பயமாக இருக்கிறதா?" என்ற அளவில் எளிமையாக இருந்தால் போதும். விடை எதுவும் வராவிட்டாலும், கேட்கக்கூடிய ஓர் இடம் இருக்கிறது என்பது அப்பெண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவளிடம் வாய்மொழியாகச் சொல்வது, சீட்டில் எழுதிக் கொடுப்பதைவிடப் பாதுகாப்பானது.

சட்டம் இதில் மருத்துவருக்குத் துணையாகவே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காவல்துறை வரும்வரை காத்திராமல் முதலில் சிகிச்சை தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உறுதிசெய்தது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி, முன்னதாக அறிக்கை எதுவும் பதிவாகாத காரணத்தைக் காட்டி எந்த மருத்துவ நிலையமும் சிகிச்சை மறுக்க இயலாது. அத்தகைய நிலையில் மருத்துவ நிலையமே அறிக்கையை நிரப்பிப் பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமோ, 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததாக அறியும் எவரும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது, தெரிவிக்காமை தண்டனைக்குரியது. ஆக, குறைபாடு சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் 'ஏ.ஆர்.' எனப்படும் விபத்துப் பதிவேட்டில் "தெரிந்த ஒரு நபரால் கையால் தாக்கப்பட்டதாக" எழுத வேண்டிய இடத்தில் "தவறி விழுந்ததாக" என்று எழுதப்படும்போது, அச்சொல் யாருடையது என்பது பதிவாகாமல் போவதுதான் குறைபாடு.

முதியோருக்கு நேரும் கொடுமையை மறைத்தல் இன்னும் எளிது, ஏனெனில் முதுமை எல்லாவற்றுக்கும் விளக்கமாகிவிடுகிறது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவருக்கும் தோல் மெலிந்தவருக்கும் லேசாகப் பட்டாலே கன்றும். அதை வன்கொடுமை என்பது தவறு. ஆனால் இடுப்பில் எலும்பு தெரியுமளவு படுக்கைப்புண், உலர்ந்த நாக்கு, நிறுத்தப்பட்ட மாத்திரைகள் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் அதற்கு முதுமை மட்டும் காரணமாகாது. விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு அதிகாலையில் எண்ணெய்க் குளியல் செய்வித்து இளநீர் புகட்டி உயிர் பிரியச் செய்யும் வழக்கம் பற்றி வெளிவந்த செய்திகள் அறியப்பட்டவை. உடல் சில்லிட்டு, எண்ணெய்ப் பிசுக்குடன் கொண்டுவரப்படும் முதியவரின் உடல் வெப்பநிலையை அளந்து எழுதுவது அங்கு வெறும் சடங்காகாது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை நிலைகளை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் பார்வையின்மை, செவித்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் ஆகியவற்றோடு தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் அணுச் சோகை, பார்க்கின்சன் நோய் ஆகிய நீண்டகால நோய்களும், அமிலத் தாக்குதலுக்கு உள்ளானோரும் இடம்பெறுகின்றனர். வன்கொடுமை, மாற்றுத்திறன், நீண்டகால நோய் ஆகிய மூன்றும் வெவ்வேறு அத்தியாயங்களாகப் பாடநூலில் இருக்க, சட்டம் அவற்றை ஒரே பட்டியலில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. மனித உடலில் அவை சேர்ந்தே இருப்பதுதான் காரணம். அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண் பாலியல் வன்கொடுமைக்கு இலக்காகும் வாய்ப்பு மற்றவரைவிடக் கூடுதல் என்பதும், தன்னைப் பராமரிப்பவரே கொடுமை செய்பவராக இருந்தால் அவளால் அதைச் சொல்ல வழியே இல்லாமற்போவதும் இச்சேர்க்கையின் மிகக் கொடிய வடிவங்கள்.

மாற்றுத்திறனாளி நோயாளிக்கு நேரும் பொதுவான பிழைக்கு 1982-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரெய்ஸும் உடனாய்வாளர்களும் பெயரிட்டனர். தெரிந்த ஒரு குறைபாட்டின் நிழலில் புதிய நோய் மறைந்துபோதல் என்று அதை விளக்கலாம். பேச்சு வராத ஆட்டிச இளைஞர் இரண்டு நாளாகத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறார் என்றால் "அவர்களுக்கு இது வழக்கம்தானே" என்று மயக்க ஊசி போடப்படுகிறது. உண்மையில் அவருக்குக் காதில் சீழோ, பல்லில் கட்டியோ, குடல்வால் அழற்சியோ இருக்கக்கூடும். இங்கேதான் உடன் வந்தவரின் நிலை தலைகீழாகிறது. அந்த இளைஞரின் வழக்கமான நடத்தை எது, புதியது எது என்று சொல்லக்கூடியவர் உலகில் அவருடைய தாய் ஒருவர்தான். வன்கொடுமையை ஐயுறும் மருத்துவர் எவரை வெளியே நிற்கச் சொல்வாரோ அவரையே இங்கு அருகில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லா அட்டெண்டரையும் வெளியேற்று என்ற காவலாளியின் ஒரே கட்டளை இவ்விரண்டு நிலைக்கும் பொருந்தாது.

வழக்கமான நிலை என்ன என்பதை அறியாமல் எண்களைப் படிப்பதும் ஆபத்தே. மார்பு முதுகெலும்பின் ஆறாம் கண்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அறுந்தவருக்கு மேல்நிலை இரத்த அழுத்தம் வழக்கமாக 90 முதல் 110 வரைதான் இருக்கும். அவர் கடும் தலைவலியுடனும் முகம் சிவந்தும் வரும்போது 150 என்று காணப்படும் அழுத்தம், வார்டின் கண்ணுக்குச் சற்றே கூடுதலாகத் தோன்றினாலும், அவருக்கு அது மூளையில் இரத்தக்கசிவு வரை கொண்டுசெல்லக்கூடிய நெருக்கடி. காரணம் பெரும்பாலும் அடைபட்ட சிறுநீர்க் குழாய். நிமிர்த்தி உட்காரவைத்து, குழாயின் மடிப்பை நீக்கினாலே அழுத்தம் இறங்கத் தொடங்கும். வழக்கமான முதலுதவிப் பழக்கத்தின்படி அவரைப் படுக்கவைப்பதுதான் செய்யக் கூடாதது. இதைப் பல நேரங்களில் அந்நோயாளியே வரும் வழியில் சொல்லியிருப்பார். சக்கர நாற்காலியில் இருப்பவரை விட்டுவிட்டு அதைத் தள்ளுபவரிடம் பேசும் பழக்கத்தால் அது காதில் விழுந்திருக்காது. 1954-இல் நேர்ந்த விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளமிட்டவர் மருத்துவர் மேரி வர்கீஸ். அவர் பணியாற்றிய மாநிலத்தில், நாற்காலியில் இருப்பவரை விட்டுப் பிறரிடம் பேசும் பழக்கம் இன்னும் நீடிப்பது வெட்கத்துக்குரியது.

செவித்திறன் இல்லாதவரிடம் முகக்கவசத்துடன் உரக்கப் பேசுவதில் பயனில்லை. எழுதிக் காட்டலாம், கைப்பேசியில் தட்டச்சு செய்து காட்டலாம். சைகை மொழியில் பேசுபவரின் வலக்கையில் குளுக்கோஸ் ஊசி ஏற்றிக் கட்டிவிட்டால் அவருடைய வாயையே கட்டியதற்குச் சமம். பார்வையற்றவரைத் தொடுமுன் தொடப்போவதாகச் சொல்வது மரியாதைக்காக மட்டுமன்று, அவர் திடுக்கிட்டுக் கழுத்தை அசைக்காமலிருப்பதற்காகவும்தான். டவுன் கூட்டறிகுறி உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்ச்சி இருக்கும் என்பதால், விபத்துக்குப் பின் மூச்சுப்பாதையைத் திறக்கத் தலையைப் பின்னுக்குச் சாய்க்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

நீண்டகால நோய்களுக்கு வந்தால், ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது. அத்தனை பேர் உள்ள நாட்டில், தெருவோரம் தள்ளாடி, வியர்த்து, பொருந்தாமல் பேசும் ஒருவரைக் குடிகாரர் என்று ஒதுக்குமுன் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்க எந்த நியாயமும் இல்லை. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை. மதுவின் வாடை அடித்தாலும் சோதனை தேவை, ஏனெனில் வெறும் வயிற்றில் மது அருந்துவதே சர்க்கரையை இறக்கும். கிளைமிபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகளால் சர்க்கரை இறங்கியவர் குளுக்கோஸ் ஏறியதும் எழுந்து உட்கார்ந்து "நான் போகிறேன்" என்பார். அம்மாத்திரையின் வேலை இன்னும் பல மணி நேரம் தொடரும் என்பதால் அவரை அப்போதே அனுப்புவது மீண்டும் மயங்க விடுவதாகும். ஆகவே எந்த மாத்திரை என்பது தெரிந்தாக வேண்டும்.

நீண்டநாள் நீரிழிவால் நரம்பு மரத்துப்போனவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரக்கூடும். "வாயுத் தொல்லை" என்றும் "ஒரே அசதி" என்றும் சொல்லி வருபவர்க்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் ஊசி போட்டனுப்பும் வழக்கம் உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கு அடினோலால், மெட்டபுரோலால் போன்ற மாத்திரை உண்பவருக்கு உள்ளே இரத்தம் கசிந்தாலும் நாடி வேகம் கூடாமலிருக்கலாம். நாடி 76 என்று நிம்மதி அடைவது ஏமாற்றம். மார்பின் நடுவே நீள்தழும்பும், அருகில் நின்றால் கேட்கும் 'டிக் டிக்' ஒலியும் செயற்கை இதய வால்வைச் சொல்லும். அவர் இரத்தம் உறையாத மருந்தில் இருப்பார், தலையில் பட்ட சிறு அடியும் அவருக்குச் சிறிதன்று. முன்கையில் புடைத்து, தொட்டால் அதிரும் இரத்தநாளம் டயாலிசிஸுக்காக அமைத்தது. அக்கையில் ஊசியும் போடக் கூடாது, அழுத்தமானி பட்டையும் கட்டக் கூடாது. உடலைப் படிக்கத் தெரிந்தவருக்கு, பேச்சற்ற நோயாளியும் இவ்வளவு சொல்லிவிடுகிறார்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுச் சோகை இருப்பதை 1952-இல் ஆய்வாளர்கள் லேமானும் கட்புஷும் கண்டறிந்தனர்; இந்தியாவில் அந்நோய் அறியப்பட்டதன் தொடக்கம் அதுவே. வளைந்த சிவப்பணுக்கள் நுண்ணிய நாளங்களை அடைக்கும்போது எழும் வலி தாங்க முடியாதது. ஆனால் வெளியே காயமோ வீக்கமோ தெரியாததால், வலிமருந்து கேட்டு அடிக்கடி வரும் இளைஞர் மருந்துக்கு அடிமையானவராகச் சந்தேகிக்கப்படுகிறார். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து சமவெளிக்கு வேலைக்கு வந்த ஒருவர் இவ்வாறு வந்தால், ஊர் எது என்ற கேள்வியே பாதி நோயறிதலாகிவிடும்.

உடன் வந்தவருக்கு நோய் தெரியாமலிருப்பது ஒரு வகை. தெரியக் கூடாது என்று நோயாளியே மறைத்திருப்பது இன்னொரு வகை. வலிப்பு நோயைத் திருமணத்தின்போது மறைத்த பெண், கணவர் முன்னிலையில் தான் உண்ணும் மாத்திரையின் பெயரைச் சொல்ல மாட்டாள். புகுந்த வீட்டில் ஒளித்துச் சாப்பிட வழியில்லாமல் நான்கு நாள் விட்டதால்தான் அவளுக்கு வலிப்பே வந்திருக்கும். கையில் சாவிக்கொத்தைத் திணித்துக் கொண்டுவரப்படும் அவளுக்கும் அந்த எக்ஸ்ரே அறைத் தனிமை தேவை. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நிலையை அவர் இசைவின்றிப் பிறரிடம் வெளிப்படுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வார்டு நடுவே உரத்த குரலில் மருந்துப் பெயர் சொல்லிக் கேட்பதும் வெளிப்படுத்தலே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அட்டைகள் பெரும்பாலும் ஒரு மஞ்சள் பையிலோ டப்பாவிலோ இருக்கும். 108 ஊழியர் நோயாளியை ஏற்றும்போதே "மாத்திரைப் பையை எடுத்து வாருங்கள்" என்று கேட்டுவிட்டால், மருத்துவமனையில் கேட்கும் பல கேள்விகளுக்கு அது விடை தரும். இதற்குப் பணமோ புதிய கருவியோ தேவையில்லை.

மருத்துவக் குறிப்பேட்டில் 'முந்தைய நோய்கள்' என்ற வரிக்கு நேரே 'இல்லை' என்றும், 'காயத்தின் காரணம்' என்ற வரிக்கு நேரே 'தவறி விழுந்தது' என்றும் எழுதும் மருத்துவரும் செவிலியரும், அதைச் சொன்னவர் யார் என்பதையும், நோயாளியிடம் தனியே கேட்கப்பட்டதா என்பதையும் அதே வரியில் சேர்த்து எழுத வேண்டும். கேட்கப்படாதிருந்தால் 'இல்லை' என்று எழுதக் கூடாது; 'கேட்கப்படவில்லை' என்றே எழுத வேண்டும், அடுத்த பணிமுறையில் வருபவர் அதைக் கேட்பதற்காக.